தப்பான வாசல்

யெஸ் என்ற ராக் இசைக் குழுவை நான் நான்கு வருடம் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் யெஸ் அல்ல. விடுதியில் பக்கத்து அறையில் இருந்த ஓர் அண்ணன்.

என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். சுவர் முழுக்கக் கேசட் அடுக்கி வைத்திருப்பார். எனக்கு அப்போது ப்ராக்ரஸிவ் ராக், அதாவது நீளமும் சிக்கலுமாகப் போகும் ராக் இசை, என்றால் பிங்க் ஃப்ளாய்ட், அதிலும் இரண்டு ஆல்பம், அவ்வளவுதான். "யெஸ் கேட்டிருக்கியாடா?" என்றார். இல்லை என்றேன். பரிதாபமாகப் பார்த்துவிட்டு இரண்டு கேசட்டை எடுத்து நீட்டினார். "நேரா உச்சிக்குப் போயிடு. இதைக் கேட்டுட்டா மத்ததெல்லாம் உனக்குத் தேவையே இல்ல."

அவர் கொடுத்தது டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ். 1973இல் வந்த இரட்டை ஆல்பம். மொத்தம் நான்கே பாட்டு, சுமார் 80 நிமிடம். பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு உருவாக்கியது. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாஸ்திரங்களை நான்காகப் பிரித்துச் சொல்லும் குறிப்பு அது. நான்கு வகைக்கு நான்கு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். அடிக்குறிப்பிலிருந்து 80 நிமிடம் எடுத்தவரின் துணிச்சலை இன்று ரசிக்கிறேன். அன்று இரண்டாவது பாட்டின் நடுவில் தூங்கிவிட்டேன். மறுநாள் மறுபடி முயன்றேன், அதே இடத்தில் தூக்கம். கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது "ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா" என்று பொய் சொன்னேன். அதோடு யெஸ் என்ற பெயரைப் பார்த்தாலே ஒதுங்கிப் போக ஆரம்பித்தேன்.

பல வருடம் கழித்து ஒரு விஷயம் தெரிந்து மனம் ஆறியது. அந்த ஆல்பத்தில் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டரில் ஒரு கச்சேரியில், மற்றவர்கள் அதை வாசித்துக்கொண்டிருக்க, இவர் மேடையிலேயே உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிட்ட கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் போய்விட்டார். வாசித்தவருக்கே பசி எடுத்திருக்கிறது, எனக்குத் தூக்கம் வந்ததில் என்ன குற்றம்?

நான் மறுபடி யெஸ்ஸிடம் போனது தற்செயலாகத்தான். நண்பன் ஒருவன் ஓட்டிய காரில் ஏதோ ஒரு பாட்டு ஓடியது. முதலில் எங்கோ தூரத்திலிருந்து பெருகிப் பெருகி வந்து சட்டென்று அறுந்துபோகும் ஒரு சத்தம். அது பியானோவில் வாசித்த ஒற்றை ஸ்வரக்கூட்டு, நாடாவைத் தலைகீழாக ஓட்டிப் பதிவு செய்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அது அறுந்த இடத்தில் ஒரு தனிக் கிட்டார், மணி தட்டுவது போல. அப்புறம் பேஸ் கிட்டார் உள்ளே வந்தது. பேஸ் என்றால் அடியில் கிடந்து உறுமும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது முன்னால் வந்து நின்று சண்டைக்குக் கூப்பிட்டது. யார் இது என்றேன். "யெஸ், ரவுண்டபௌட்" என்றான். நம்பவில்லை. கேசட் உறையைப் பிடுங்கிப் பார்த்தேன்.

1971இல் வந்த ஃப்ரஜைல் அது. கிறிஸ் ஸ்கொயரின் ரிக்கன்பேக்கர் பேஸுக்காகவே அந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகுதான் அந்த ஆல்பம் கட்டப்பட்டிருக்கும் விதம் பிடிபட்டது. ஒன்பது துண்டுகளில் நான்குதான் குழுவாகச் சேர்ந்து செய்தவை. மற்ற ஐந்தும் ஆளுக்கொன்று. வேக்மேன் பிராம்ஸின் நான்காவது சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியைக் கீபோர்டுகளிலேயே வாசிக்கிறார். ஆண்டர்சன் தன் குரலையே அடுக்கடுக்காக வைத்து ஒரு கோபுரம் கட்டுகிறார். டிரம்மர் பில் புரூஃபோர்டின் பங்கு அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும், அதற்குள் எண்ணிக்கை தவறிவிடும். ஸ்டீவ் ஹோவ் ஒரு ஸ்பானிய பாணிக் கிட்டார்த் துண்டு. ஸ்கொயர் பேஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து "மீன்" என்று ஒரு துண்டு. விமரிசகர்கள் சிலர் இதை ஒட்டுப்போட்ட ஆல்பம் என்பார்கள். உண்மைதான். ஆனால் புதிதாக வருபவனுக்கு அந்த ஒட்டுதான் உதவி. கல்யாண வீட்டில் ஒவ்வொருவராக வந்து "நான் இன்னார்" என்று சொல்லிவிட்டுப் போவது போல. கடைசியில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ் வரும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்கும். நெரிசலில் யாரைப் பிடித்துக்கொள்வது என்றும் தெரியும்.

அங்கிருந்து அடுத்த வருடத்து க்ளோஸ் டு தி எட்ஜுக்குப் போவது ஓர் அடிதான். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்கு மேல். நேராக அதற்குள் தள்ளிவிட்டிருந்தால் பறவைச் சத்தமும் நீரோசையும் முடிந்து கிட்டார் பாயும் அந்த முதல் ரகளையிலேயே ஓடியிருப்பேன். இப்போதோ பேஸைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ச் சேர்ந்தேன். அதற்கு அப்புறம் டேல்ஸுக்கே திரும்பிப் போனேன். மூன்றாம் பாட்டில் இன்னும் கொஞ்சம் கண் சொருகும். மற்றபடி பிடித்துவிட்டது. கடைசிப் பாட்டு பிடித்தது என்பதைவிட, அது இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை.

நான் பிடிவாதமாகச் சொல்லிவருவது இதைத்தான்: உச்சம் வேறு, வாசல் வேறு. ரசிகர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். புதியவரிடம் "இதுதான் மாஸ்டர்பீஸ்" என்று நீட்டுவதில் பாதி அன்பு, மீதி நம் பெருமை. வாசலாக இருக்கும் ஆல்பத்தில் நமக்கு ஏற்கெனவே பழகிய ஏதாவது ஒன்று கைக்கு அகப்படும். ஒரு மெட்டாக இருக்கலாம், ஒரு தாளமாக இருக்கலாம், எனக்கு ஆனதுபோல ஒரு பேஸாகவும் இருக்கலாம். அதைப் பிடித்திருக்கும் நேரத்தில்தான் பழகாதது மெல்லக் காதுக்குள் இறங்கும்.

பிங்க் ஃப்ளாய்டின் டார்க் சைட் ஆஃப் தி மூன் இதற்கு முழு உதாரணம். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973க்கும் 1988க்கும் இடையில் அந்தப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. வாசலில் கூட்டம் குறையவே இல்லை என்று அர்த்தம். அதில் வரும் மனி (காசு) என்ற பாட்டைக் கை தட்டிக்கொண்டு கேட்ட எத்தனை பேருக்கு அது ஏழு எண்ணிக்கை என்று தெரியும்? தகிட தகதிமி என்று சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். காசுச் சத்தங்களை வெட்டி ஒட்டிய நாடாவே ஏழாகத்தான் சுற்றுகிறது. சாக்ஸஃபோன்கூட அந்த ஏழிலேயே வாசிக்கிறது. டேவிட் கில்மரின் கிட்டார் தனி ஆரம்பிக்கும்போது மட்டும் தாளம் நாலுக்கு மாறிக்கொள்ளும். சிக்கலை உள்ளே வைத்துவிட்டு, இளைப்பாறத் திண்ணையும் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒரே வருத்தம், பலர் அந்தத் திண்ணையிலேயே இருந்துவிடுகிறார்கள். விஷ் யூ வேர் ஹியர், தி வால் வரை போவார்கள். ஜெனிசிஸ் பக்கமோ கிங் கிரிம்சன் பக்கமோ எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஃப்ளாய்ட் ஒரு தனித் தெரு. அது ப்ராக்ரஸிவ் ராக்கே இல்லை என்று சண்டை போடுகிற ஒரு கோஷ்டியும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை, நேரம் போய்விடும்.

கிங் கிரிம்சன் விஷயம் இன்னும் சிக்கலானது. எல்லோரும் காட்டும் வாசல் இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங், 1969. அந்த அட்டைப்படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வாயை அகலத் திறந்து, கண் ஓரமாகச் சுழன்று, அலறும் ஒரு சிவந்த முகம். வரைந்தவர் பாரி காட்பர், கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்த இளைஞர். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை அதுதான். ஆல்பம் வந்து சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், 24 வயதில் இறந்துபோனார். முதல் பாட்டு அந்த அலறலேதான். இரண்டாவதில் சட்டென்று புல்லாங்குழல், அமைதி. மூன்றாவதில் மெலோட்ரான் வந்து வானத்தை மூடும்.

மெலோட்ரான் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்கக் கீபோர்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு காந்த நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் உண்மையான வயலின்காரர்கள் வாசித்துப் பதிவான அந்த ஸ்வரம் ஓடும். சுமார் எட்டு வினாடிதான், அதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும், நாடா தீர்ந்துவிடும். அந்தக் கால ப்ராக்ரஸிவ் ராக்கில் நமக்கு நெஞ்சை அடைக்கும் பல இடங்கள் இந்த எட்டு வினாடிக்குள் கட்டப்பட்டவை. ஏதோ ஒரு நடுக்கம் அதில் இருக்கும், நிஜ வயலினும் இல்லாமல் பொய்யும் இல்லாமல்.

சரி, இந்த ஆல்பம் வாசலாக ஏன் ஏமாற்றுகிறது? ஒன்று, நான்காவதாக வரும் மூன்சைல்ட். முதல் இரண்டரை நிமிடம் அழகான பாட்டு. மீதி ஏறக்குறைய பத்து நிமிடம், யாரோ இருட்டில் சாவி தேடுவது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய ஒலிகள். எனக்குத் தெரிந்து நாலு பேராவது அந்த அறையிலிருந்து திரும்பி வரவில்லை. இன்னொன்று, அந்தக் குழு அந்த வருடமே உடைந்துவிட்டது. மெலோட்ரான் வாசித்த இயன் மெக்டொனால்டும் டிரம்மர் மைக்கேல் கைல்ஸும் டிசம்பரில் விலகினார்கள். பாடிய கிரெக் லேக் அடுத்த வருடம் எமர்சன், லேக் அண்ட் பால்மரில் இருந்தார். கிட்டார் வாசித்த ராபர்ட் ஃப்ரிப் மட்டும் பெயரைச் சுமந்துகொண்டு நடந்தார். ஆகவே இந்த வாசலில் நுழைந்தவர் அடுத்த அறைக்குப் போனால் அங்கே வேறு ஆட்கள், வேறு மொழி. 1981இன் டிசிப்ளினில் இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு நீளமுள்ள சரங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்து விலகும், சேரும். மெலோட்ரானைத் தேடிப் போனவருக்கு அது ஏதோ இயந்திரக்கூடம் மாதிரி இருக்கும். அதே டிசிப்ளினில் தொடங்கியவருக்கு 1969 ஆல்பம் அழுகாச்சியாகத் தெரியும். ஒரே பெயர்ப்பலகை மாட்டிய மூன்று வீடு. மூன்றுக்கும் தனித்தனி வாசல்.

நான் நுழைந்தது நடு வீட்டில். ரெட், 1974. வெளிவருவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார், ஆகவே அது ஒரு செத்த குழுவின் ஆல்பமாகத்தான் கடைக்கு வந்தது. அதன் கடைசிப் பாட்டு ஸ்டார்லெஸ், 12 நிமிடம். முதல் நான்கு நிமிடம் சோகமான, நேரடியான பாட்டு, ஜான் வெட்டனின் குரல். யாரும் கேட்கலாம். பிறகு எல்லாம் ஒடுங்கி, பேஸ் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரே வரியைச் சுற்றத் தொடங்கும். அதன்மேல் ஃப்ரிப் ஒரே ஒரு ஸ்வரத்தை வாசிப்பார். திரும்ப அதே ஸ்வரம். திரும்பவும் அதே. நிமிடக்கணக்கில். கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், அவ்வளவே. யெஸ்ஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்த புரூஃபோர்டு டிரம்ஸை முதலில் உதிரியாகத் தட்டிக்கொண்டிருந்து பின் ஒன்று சேர்ப்பார். வலி தாங்காமல் ஒரு கட்டத்தில் உடையும். ஓட்டம், கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவிலிருந்து முதல் நான்கு நிமிடத்தின் மெட்டு சாக்ஸஃபோனில் திரும்பி வரும்போது, எத்தனை முறை கேட்டாலும், நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதை நிறுத்திவிடுகிறேன். பாட்டே தனக்குள் வாசலை வைத்திருக்கிறது: அந்த மெட்டைக் கையில் கொடுத்து, இருட்டில் நடக்கவிட்டு, கடைசியில் அதே மெட்டால் வீட்டுக்கு அழைத்து வருகிறது. மூன்சைல்டில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

ரஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அங்கே வாசல் எது என்பதில் சண்டையே கிடையாது. கனடாக்காரர்கள், மூன்றே பேர். 1981இன் மூவிங் பிக்சர்ஸ். டாம் சாயர் நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒய்ஒய்இசட் டொரோன்டோ விமான நிலையத்தின் குறியீடு, அந்த எழுத்துகளின் மோர்ஸ் தந்தி ஒலியே பாட்டின் தாளம். 2112 என்ற ஆல்பத்தில் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். முந்தைய ஆல்பம் போணியாகாததால் இசைத்தட்டுக் கம்பெனி இனிச் சின்னச் சின்னப் பாட்டாகப் போடச் சொன்னபோது, இவர்கள் பதிலுக்கு ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிடக் கதை ஒன்றைப் போட்டார்கள். 1976இல் அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஜெத்ரோ டல்லுக்கு அக்குவாலங் போதும். திக் ஆஸ் எ பிரிக் வழியாகப் போனவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அக்குவாலங்கை எல்லோரும் கான்செப்ட் ஆல்பம், அதாவது ஒரே கருவைச் சுற்றிய கருத்துத் தொகுப்பு என்று சொன்னதில் கடுப்பாகி, "இந்தா, நிஜமான கருத்துத் தொகுப்பு" என்று அந்தக் குழுவின் இயன் ஆண்டர்சன் செய்த 44 நிமிடக் கேலி அது. கேலி என்றே தெரியாமல் பக்தியோடு கேட்டவர்கள் ஏராளம். நானும்தான்.

வாசலே இல்லாத குழுக்களும் உண்டு. ஜென்டில் ஜயன்ட்டின் ஆக்டோபஸில் ஒரு பாட்டில் நான்கைந்து குரல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தனித்தனி வழியில் போகும். முதல் தடவை கேட்டால் நாலு வானொலி ஒரே நேரத்தில் ஓடுவது மாதிரிதான். ஃப்ரீ ஹேண்டை முதலில் கொடுத்தால் ஓரளவு பிழைப்பார்கள். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் அதைவிட மோசம். நான் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர், நல்ல ரசனைக்காரர், "புதுசா ஏதாவது குடுங்க சார்" என்றார். பான் ஹார்ட்ஸைக் கொடுத்தேன். மூன்றே பாட்டு. கடைசிப் பாட்டு கலங்கரை விளக்கத்தில் தனியாகக் கிடந்து பைத்தியம் பிடிக்கும் ஒருவனைப் பற்றி, 23 நிமிடம். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது அவர் சொன்னது: "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்." அந்த வாக்கியத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று உடனே ஞாபகம் வந்தது. அவர் அப்புறம் என்னிடம் இசை பற்றிப் பேசவே இல்லை. இத்தனைக்கும் அந்த ஆல்பம், இங்கிலாந்தில் சீண்டுவார் இல்லாமல் கிடந்தபோது, இத்தாலியில் முதலிடம் பிடித்தது. இத்தாலிக்காரர்களுக்கு வாசல் தேவைப்படவில்லை போல, சுவரேறிக் குதித்திருக்கிறார்கள். அவருக்கு 1975இன் காட்பிளஃபைக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது வாசல்கள் இடம் மாறிவிட்டன. பக்கத்துக்கு இருபது சொச்சம் நிமிடம் என்ற இசைத்தட்டின் கணக்குதான் இந்த நீண்ட பாட்டுகளுக்கெல்லாம் அளவு கொடுத்தது. இன்று அந்தப் பக்கமும் இல்லை, திருப்பிப் போடும் வேலையும் இல்லை. செயலி எதையோ கேட்டு முடித்தவருக்கு எதையோ எடுத்துப் போடுகிறது. பின்னால் இருந்து முன்னால் வருகிறவர்களும் அதிகம். போர்க்குபைன் ட்ரீயின் இன் ஆப்சென்ஷியாவில் தொடங்கி, அதன் ஸ்டீவன் வில்சன்தான் கிங் கிரிம்சன், யெஸ், ஜென்டில் ஜயன்ட் பழைய ஒலிநாடாக்களை மறுகலவை செய்தவர் என்று அறிந்து, அந்த வழியாக எழுபதுகளுக்குள் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மகனைப் பிடித்துத் தாத்தாவைக் கண்டுபிடிப்பது.

என் அக்கா மகன் ஜெனிசிஸுக்குள் வந்தது, நான் கனவிலும் கைகாட்டியிருக்காத இன்விசிபிள் டச் வழியாக. 1986. அதிலிருந்து ஐந்து பாட்டுகள் அமெரிக்காவில் முதல் ஐந்து இடங்களுக்குள் போயின. முதல் பாடகர் பீட்டர் கேப்ரியல் காலத்து ஜெனிசிஸ் பக்தர்களிடம் அந்தப் பெயரை உச்சரித்தால் முகம் கோணும். என் முகமும் கோணும். அவன் ஆனால் கேட்டது வேறு. "மாமா, இதுல டோமினோன்னு ஒண்ணு இருக்கே, பத்து நிமிஷத்துக்கு மேல போகுது, ரெண்டு பாகமா. இந்த மாதிரி இன்னும் இருக்கா?"

கேப்ரியல் காலத்து ஃபாக்ஸ்ட்ராட் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதில் வரும் 23 நிமிட சப்பர்ஸ் ரெடி, கேப்ரியல் நரித்தலையும் சிவப்பு கவுனும் மாட்டிக்கொண்டு மேடையேறியது, எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அடக்கிக்கொண்டு எ ட்ரிக் ஆஃப் தி டெயிலைக் கேட்கச் சொன்னேன். கேப்ரியல் 1975இல் போன பிறகு, ஆள் தேடித் தேடி அலுத்து, டிரம்மர் ஃபில் காலின்ஸையே பாட வைத்து 1976இல் போட்டது. அவனுக்குப் பழகிய அதே குரல், பழைய வீட்டுக்குள் நின்று பாடுகிறது. முதல் பாட்டே ஏழில் ஓடுகிறது, அவனிடம் அதைச் சொல்லவில்லை. "இது நல்லாருக்கு மாமா" என்றான். பொய் சொல்கிற குரலா என்று உற்றுக் கேட்டேன். இல்லை.

அடுத்து செல்லிங் இங்கிலாண்ட் பை தி பவுண்ட் என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்தின் பியானோ ஆரம்பத்துக்கு விழாதவர்கள் யார் இருக்கிறார்கள். அதற்குள் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி அவனிடமிருந்து செய்தி வந்தது.

"மாமா, இந்த 23 நிமிஷப் பாட்டு என்ன இது?"

எழுந்து உட்கார்ந்தேன். எந்தப் பாட்டிலிருந்து இதற்குப் போனாய், யார் சொன்னது என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு நீலக் குறியும் விழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.